மின்சார சைக்கிளில் ஏற்படும் மின்கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

பழைய சைக்கிளின் சக்கரத்தில் மோட்டாரும் சட்டத்தில் பாட்டரியும் பொருத்தி, அதை மின்சார சைக்கிளாக மாற்றிக்கொள்வது இன்று சிறு விவசாயிக்கும் எட்டக்கூடியதாக உள்ளது. மோட்டார் சக்கரம், கன்ட்ரோலர், ஆக்சிலேட்டர் பிடி, பிரேக் சுவிட்ச் ஆகியவை ஒரே தொகுப்பாகவே விற்கப்படுகின்றன. காலையில் பால் கேனைச் சங்கத்திற்கும், கீரைக் கட்டைச் சந்தைக்கும் பெட்ரோல் செலவின்றிக் கொண்டுசெல்ல இது உதவுகிறது.

ஆனால் வீட்டில் பொருத்திய சைக்கிள் ஒரு நாள் காலையில் நின்றுவிட்டால் பால் நேரம் தவறும். "பாட்டரி போய்விட்டது" என்று யாராவது சொல்ல, பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது பாட்டரி வாங்கிப் போட்ட பிறகும் சைக்கிள் ஓடாமல் நிற்பது உண்டு. இவ்வகைச் சைக்கிள்களில் பழுது பெரும்பாலும் விலை உயர்ந்த பாகங்களில் இருப்பதில்லை. தளர்ந்த இணைப்பு, கருகிய பியூஸ், அறுந்த வயர், ஒட்டிக்கொண்ட பிரேக் சுவிட்ச் போன்ற சிறு இடங்களில்தான் இருக்கும். ஆகவே எந்தப் பாகத்தையும் மாற்றுமுன், வரிசையாகச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

வாய்க்கால் பார்ப்பது போல

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி உடனே புதுக் கிணறு வெட்டுவதில்லை. கிணற்றிலிருந்து தொடங்கி, தொட்டி, வாய்க்கால், மடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருவார். எந்த இடம் வரை தண்ணீர் வந்திருக்கிறதோ, அதற்கு அடுத்த இடத்தில்தான் உடைப்போ அடைப்போ இருக்கும். மின்சார சைக்கிளுக்கும் இதே முறைதான். பாட்டரி, பியூஸ், சாவி சுவிட்ச், கன்ட்ரோலர், ஆக்சிலேட்டர், பிரேக் சுவிட்ச், மோட்டார் என்ற வரிசையில் மின்சாரம் எதுவரை வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். அதை டி.சி. வோல்ட் பகுதியில் 200 என்ற அளவில் வைக்க வேண்டும். சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் துளையில் செருகியபடி பாட்டரியைத் தொட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும், மீட்டரும் கெடும்.

சோதிக்குமுன் மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்கவும். மோட்டார் உள்ள சக்கரம் தரையில் படாதவாறு சைக்கிளைத் தூக்கி நிறுத்தவும். பழுது நீங்கியதும் சக்கரம் திடீரென்று சுழலக்கூடும். சார்ஜருக்குள் 230 வோல்ட் மின்சாரம் உள்ளது. அதைப் பிரிக்கவே கூடாது.

முதல் படி: பாட்டரி

பெரும்பாலும் 36 வோல்ட் பாட்டரியே பயன்படுகிறது. லித்தியம் பாட்டரி முழுமையாக சார்ஜ் ஆனதும் 42 வோல்ட் காட்ட வேண்டும். மூன்று 12 வோல்ட் லெட் ஆசிட் பாட்டரிகளைத் தொடராக இணைத்திருந்தால், சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து மொத்தம் சுமார் 38 வோல்ட் இருக்க வேண்டும். வோல்டேஜ் சுமார் 31க்குக் கீழே இறங்கினால் கன்ட்ரோலர் தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். இது பழுதல்ல; பாட்டரியைக் காக்கும் ஏற்பாடு.

நிற்கும்போது நல்ல வோல்டேஜ் காட்டும் பாட்டரி, சுமை ஏறியதும் இறங்கிவிடலாம். சமதரையில் ஓடி, மேட்டில் நின்று, சிறிது நேரம் கழித்து மீண்டும் ஓடும் சைக்கிளில் இதைச் சந்தேகிக்க வேண்டும். மீட்டரைக் கைப்பிடியில் கட்டி, அதன் வயர்களைப் பாட்டரி முனைகளில் பத்திரமாக இணைத்து, லேசான மேட்டில் ஓட்டிப் பார்க்கவும். 39 வோல்ட் காட்டியது மேட்டில் 36 ஆனால் கவலை இல்லை. 31க்கு வந்துவிட்டால் பாட்டரி நலிந்துவிட்டது என்று பொருள்.

லெட் ஆசிட் பாட்டரிகளாயின், ஓட்டிவிட்டு வந்ததும் மூன்றையும் தனித்தனியாக அளக்கவும். இரண்டு 12 வோல்ட்டுக்கு மேலும் ஒன்று மட்டும் 11 வோல்ட்டுக்குக் கீழும் காட்டினால், அந்த ஒன்றே மற்ற இரண்டையும் இழுத்து நிறுத்துகிறது. மூன்றும் வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். பழையவையாக இருந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் விரைவில் கெடும்.

இரண்டாம் படி: பியூஸும் இணைப்புகளும்

பாட்டரியில் வோல்டேஜ் இருந்து, கன்ட்ரோலருக்குச் செல்லும் தடித்த சிவப்பு, கறுப்பு வயர்களில் இல்லையென்றால், இடையில் உள்ள பியூஸையும் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸையே போட வேண்டும். வீட்டு பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றும் பழக்கம் இங்கு உதவாது. பியூஸ் எரிவதற்குப் பதிலாக வயரும் பாட்டரியும் எரியும்.

தளர்ந்த இணைப்பு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. 250 வாட் மோட்டார் 36 வோல்ட்டில் சாதாரணமாக 7 ஆம்பியர் இழுக்கும். மேட்டில் சுமையோடு ஏறும்போது 15 ஆம்பியர் வரை போகலாம். ஓர் இணைப்பில் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே, அங்கு ஒன்றரை வோல்ட் வீணாகும். 22 வாட்டுக்கு மேல் வெப்பமும் உண்டாகும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயனுக்கு ஏறக்குறைய சமமான சூடு இது. பிளாஸ்டிக் செருகி உருகுவதில் வியப்பில்லை.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பத்து நிமிடம் சுமையோடு ஓட்டிவிட்டு, சாவியை அணைத்து, ஒவ்வொரு இணைப்பையும் வெளிப்புறத்தில் விரலால் தொட்டுப் பார்க்கவும். மற்றவற்றைவிடச் சூடாக இருப்பதே பழுதுள்ள இடம். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலும் பச்சைக் களிம்பு படிந்திருந்தாலும் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுச் செருகி போடவும். வயரை முறுக்கி டேப் சுற்றுவது நிலையான வேலை அல்ல. ஈயப்பற்று வைப்பதோ, முனைகளை அதற்குரிய கருவியால் இறுக்கி அழுத்துவதோதான் நிலைக்கும்.

பாட்டரியை இணைக்கும்போது ஒரு சிறு பொறி தோன்றுவது இயல்பு. கன்ட்ரோலருக்குள் உள்ள கெப்பாசிட்டர்கள் நிரம்புவதால் ஏற்படுவது அது.

மூன்றாம் படி: சாவி, ஆக்சிலேட்டர், பிரேக் சுவிட்ச்

பல கன்ட்ரோலர்களில் தடித்த சிவப்பு வயரோடு, சாவி சுவிட்ச் வழியாக வரும் மெல்லிய வயர் ஒன்றும் உண்டு. சாவியைத் திருப்பியதும் அதிலும் பாட்டரி வோல்டேஜ் வர வேண்டும். வராவிட்டால் சாவி சுவிட்சோ அதன் வயரோ பழுது.

அடுத்து ஆக்சிலேட்டர் பிடியிலிருந்து வரும் மூன்று வயர்களைப் பார்க்கவும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் சுமார் 5 வோல்ட் இருக்க வேண்டும். மூன்றாவது வயரில், பிடியைத் திருகாதபோது ஒரு வோல்ட் அளவிலும், முழுவதும் திருகும்போது மூன்றரை வோல்ட்டுக்கு மேலும் காட்ட வேண்டும். 5 வோல்ட் வந்தும் மூன்றாவது வயரில் மாற்றம் இல்லையென்றால் பிடி கெட்டுவிட்டது. விலை மலிவான அதை மாற்றினால் போதும்.

5 வோல்ட்டே வராவிட்டால் கன்ட்ரோலர் போய்விட்டது என்று உடனே முடிவு செய்யக் கூடாது. ஆக்சிலேட்டர் செருகியையும் மோட்டாரின் மெல்லிய வயர் செருகியையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கன்ட்ரோலர் பக்கத்தில் அளக்கவும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அந்தப் பக்கத்தில்தான் ஷார்ட். இரண்டையும் கழற்றிய பிறகும் வராவிட்டால்தான் கன்ட்ரோலரைச் சந்தேகிக்க வேண்டும்.

பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச், சேற்றாலும் தூசியாலும் ஒட்டிக்கொள்வது அடிக்கடி நிகழ்வது. அப்போது எல்லாம் சரியாக இருந்தும் சக்கரம் சுழலாது. பிரேக் சுவிட்ச் செருகிகள் இரண்டையும் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலான தொகுப்புகளில் மோட்டார் ஓடத் தொடங்கும். பழுதை நீக்கி மீண்டும் செருகிய பிறகே சாலையில் ஓட்ட வேண்டும்.

நான்காம் படி: மோட்டார்

மோட்டாரிலிருந்து மூன்று தடித்த வயர்களும் ஐந்து மெல்லிய வயர்களும் வரும். மெல்லியவை ஹால் சென்சார்களுக்கு உரியவை; சக்கரம் எந்த நிலையில் உள்ளது என்று கன்ட்ரோலருக்குச் சொல்பவை. சைக்கிள் புறப்படும்போது உதறினாலும், உறுமி நின்றாலும், கையால் தள்ளிவிட்ட பிறகே ஓடினாலும் இவற்றைப் பார்க்க வேண்டும். செருகியைக் கழற்றாமல் சாவியைப் போட்டு, கறுப்பு வயருக்கும் மஞ்சள், பச்சை, நீல வயர்களுக்கும் இடையில் ஒவ்வொன்றாக அளந்தபடி சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பவும். பற்சக்கரம் உள்ள மோட்டாராயின் பின்னோக்கித் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றும் 5 வோல்ட் அளவுக்கு ஏறியும் பூஜ்யத்திற்கு இறங்கியும் வர வேண்டும். மாறாமல் நிற்கும் வயரில்தான் பழுது.

தள்ளும்போது சக்கரம் இயல்பைவிடக் கடினமாக, விட்டுவிட்டுச் சுழன்றால், பாட்டரியைக் கழற்றிவிட்டு மூன்று தடித்த வயர்களையும் பிரிக்கவும். பிரித்த முனைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. இப்போது எளிதாகச் சுழன்றால் கன்ட்ரோலர் உள்ளே ஷார்ட் ஆகியுள்ளது. அப்போதும் கடினமாகவே இருந்தால் பழுது மோட்டாரிலோ அதன் வயரிலோ உள்ளது.

வீட்டில் பொருத்திய சைக்கிள்களில் இன்னொரு கோளாறு உண்டு. அச்சு நட்டு தளர்ந்தால், மோட்டாரின் விசையால் அச்சே சுழன்று, அதன் வழியாக வரும் வயர்களை முறுக்கி அறுத்துவிடும். நட்டுகளை நன்கு முடுக்குவதோடு, அச்சு சுழலாமல் தடுக்கும் பட்டையையும் பொருத்துவது அவசியம்.

சார்ஜ் செய்வதில் எச்சரிக்கை

பாட்டரி இறங்கியிருந்தும், சார்ஜரைப் போட்டவுடனே பச்சை விளக்கு எரிந்தால், மின்சாரம் பாட்டரிக்குள் போகவில்லை. சார்ஜ் செருகியையும் பியூஸையும் பார்க்கவும். லித்தியம் பாட்டரிக்கு லெட் ஆசிட் சார்ஜரைப் பயன்படுத்தவே கூடாது. அது சுமார் 44 வோல்ட் கொடுக்கும். லித்தியத்திற்கு எல்லை 42 வோல்ட்.

லித்தியம் பாட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம். வைக்கோல்போர், கூரை, மாட்டுக்கொட்டகை ஆகியவற்றின் அருகிலோ, படுத்துறங்கும் அறையிலோ சார்ஜ் போடக் கூடாது. ஆள் விழித்திருக்கும் நேரத்தில், சிமெண்டுத் தரையில் வைத்துச் செய்வதே நல்லது. வெயிலில் ஓட்டி வந்த பாட்டரியை ஆறவிட்ட பிறகே சார்ஜ் போட வேண்டும். உப்பியது, நசுங்கியது, வாடை வருவது, நீரில் மூழ்கியது ஆகியவற்றை மீண்டும் சார்ஜ் செய்யாமல் திறந்த வெளியில் தனியே வைத்து, அறிந்தவரிடம் ஒப்படைக்கவும். உள்ளே இருக்கும் காப்புச் சுற்றை நீக்கி நேராக இணைத்து ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

மழைக்காலப் பராமரிப்பு

கன்ட்ரோலரை வயர்கள் கீழ்நோக்கி வரும்படி பொருத்தவும். மோட்டார் வயரை அச்சுக்குள் நுழையும் இடத்திற்குச் சற்றுக் கீழே தொங்கும்படி வளைத்துக் கட்டினால், தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், உள்ளே ஏறாது. கன்ட்ரோலரைப் பாலிதீன் பையால் இறுகச் சுற்றக் கூடாது; வெப்பம் வெளியேறாமல் கெடும். சைக்கிளைக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவாமல் ஈரத் துணியால் துடைக்கவும்.

மாதம் ஒரு முறை இணைப்புகளைத் தொட்டுப் பார்ப்பதும், அச்சு நட்டை முடுக்குவதும், முழு சார்ஜில் வோல்டேஜை ஒரு நோட்டில் குறித்து வைப்பதும் நல்ல பழக்கங்கள். இந்த அளவுகள் கையில் இருந்தால், பழுது பார்ப்பவரிடம் சைக்கிளைக் கொண்டுபோகும்போதும் மின்சாரம் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று திட்டமாகச் சொல்லலாம். தேவையற்ற பாகத்தை மாற்றிப் பணத்தை இழக்க நேராது.