கூட்டமாக நடக்கக் கிளம்புமுன்

கீழப்பழுவூர்க்காரர்களுக்கு மலையேற்றம் என்றால் பெரம்பலூர் தாண்டிப் பச்சைமலைதான். முதல்முறை குழுவோடு நடப்பவர்கள் அதற்கு முன் பக்கத்துக் கரைவெட்டி ஏரிக்கரையில் கால் பழகலாம். 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது. பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் புதியவர்களும் சேரலாம். விடியும்போதே கரையில் இருங்கள். வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை தெரிந்தால் அது வரித்தலை வாத்து, இமயம் தாண்டி வந்த விருந்தாளி.

மலைக்கு என்றால், வனத்துறை அனுமதி வாங்கியாச்சா என்று ஏற்பாட்டாளரிடம் முதலில் கேளுங்கள். மழுப்பினால் போகாதீர்கள். புது ஷூ கடிக்கும், பழசே நல்லது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மெதுவாக நடப்பவர்கள் முன்னால் போகட்டும்; அனுபவசாலி ஒருவர் கடைசியில் வரட்டும்.