ஜோடிப் பொருத்தம்

குருபரப்பள்ளி



தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து, கண்கள் சிவக்க நம் நாடக ஒத்திகைக்கு வந்து நின்ற உன்னை ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது என் மனம் நெகிழ்ந்தது. ஆனால் போர்முனைக்குப் புறப்படும் காதலனாக நடிக்கும் நீ, உன் காதலியாக நடிப்பவள் விடைகொடுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பேச்சு எப்போது முடியும், நம் வசனம் எப்போது வரும் என்றே காத்திருந்தாய். அவளுக்கு வீட்டுமொழி கன்னடம், தமிழ் உச்சரிப்பு தடுமாறுகிறது, அதனால்தான் இருவருக்கும் கெமிஸ்ட்ரி அமையவில்லை என்று நீ சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை ஒரு பழைய படத்தைக் கொண்டு சொல்கிறேன்.

1962-இல் சீனப் போர் மூண்டது. மறு ஆண்டே, தாதா மிராசியின் இயக்கத்தில், சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த 'இரத்தத் திலகம்' வெளிவந்தது. கல்லூரியில் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே பழகிய இருவரில், அவன் இந்திய ராணுவத்தில் சேருகிறான். அவளோ எல்லைக்கு அப்பால் சீன மண்ணில் இருந்துகொண்டு தாய்நாட்டுக்காக இரகசியமாகத் தொண்டு செய்கிறாள். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து நான் அந்தப் படத்தைப் பார்த்த இரவில், தெலுங்கும் கன்னடமும் அன்றி வேறு பாஷை சரியாக அறியாத முதியவர்கள் என் பக்கத்தில் இருந்தார்கள். வசனம் பாதிக்குமேல் விளங்காத அவர்கள், நாயகன் பேசும்போது நாயகியின் முகத்தையும், நாயகி பேசும்போது நாயகனின் முகத்தையும் பார்த்தே கண்ணீர் விட்டார்கள். பேசுகிறவரைவிடக் கேட்கிறவரின் முகத்தில்தான் காதல் குடியிருக்கிறது என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன். சாவித்திரியும் தெலுங்கு தேசத்துப் பெண்தான் என்பதை நினைவில் வை.

இன்னொன்றையும் யோசித்துப் பார். இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1961-இல், பீம்சிங்கின் 'பாசமலர்' படத்தில் இதே இருவரும் அண்ணனும் தங்கையுமாக நடித்துத் தமிழ்நாட்டையே அழவைத்திருந்தார்கள். அதில் தங்கைக்குக் கணவனாக வந்தவர், மெய்வாழ்விலும் சாவித்திரியின் கணவரான ஜெமினி கணேசன். அந்த அண்ணன் தங்கையை மறவாத ரசிகர்கள், அவர்களையே காதலர்களாகவும் ஏற்றார்கள் என்றால், அந்தப் பொருத்தம் இருவருடைய அந்தரங்க வாழ்வில் விளைந்ததன்று. ஒருவர் உதிர்க்கும் சொல்லை மற்றவர் அப்போதுதான் முதன்முறை கேட்பவர்போல் வாங்கிக்கொள்ளும் சாதகத்தில் விளைந்தது. ஆகவே மேடைக்கு வெளியே உன் ஜோடியோடு நெருக்கம் தேடாதே. மரியாதையோடு பழகு, அதுவே போதும்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1942-இல் ஹாலிவுட்டில் மைக்கேல் கர்ட்டிஸ் எடுத்த 'காஸாபிளாங்கா'வின் கதையும் இதற்கு உதவும். படப்பிடிப்பு நடக்கும்போதே கதை எழுதப்பட்டுக்கொண்டிருந்ததால், தன் பாத்திரம் முடிவில் கணவனோடு செல்லுமா, பழைய காதலனோடு செல்லுமா என்பது இங்க்ரிட் பெர்க்மனுக்கே தெரியாது. ஹம்ப்ரி போகார்ட்டை அவர் பார்க்கும் ஒவ்வொரு பார்வையிலும் தேங்கி நிற்கும் அந்தத் தயக்கம், தெரியாமையிலிருந்து பிறந்தது. நமக்கோ முடிவு தெரியும். தெரிந்ததை மறப்பதுதான் நமக்குள்ள கடினமான வேலை, தம்பி. அவள் "போய் வா" என்று சொல்லுமுன்பே உன் கால் வாசலை நோக்கித் திரும்பிவிட்டதே, அங்கேதான் காட்சி இறந்தது.

அடுத்த ஒத்திகைக்கு உன் வசனப் பிரதியை வீட்டில் வைத்துவிட்டு வா. அவள் தன் வசனத்தைக் கன்னடத்தில், தன் வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். நீ வாய் திறவாமல் எதிரே நின்று கேள். மூன்று முறை அப்படிச் செய்தபின் தமிழுக்கு வாருங்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, உன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.