28 ஆண்டுப் பொறுமை

அன்புள்ள மகனுக்கு,

சேகர கமிட்டிக்கு நீ தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியும், அந்தக் கமிட்டி இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கும் செய்தியும் ஒரே கடிதத்தில் வந்து சேர்ந்தன. பழைய கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டுவதா, பழுதுபார்த்து வைத்துக்கொள்வதா என்று தொடங்கிய பேச்சு, ஒரு பக்கத்தார் நீதிமன்றம் போவதாகவும் மறுபக்கத்தார் தனியாகக் கூடி ஆராதிப்பதாகவும் சொல்லுமளவுக்கு முற்றிவிட்டது. இரு பக்கத்தாரின் மனுக்களும் உன் கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன. என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய்.

பதிலுக்கு முன் நம் சபை பிறந்த வரலாற்றைக் கொஞ்சம் படித்துவிடு. தென்னிந்தியத் திருச்சபை என்று கோயில் வாசலில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பெயருக்காக யார் யார் எதை எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை நம் வாலிபர் கூட்டங்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை. பெரியவர்கள் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். 1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கிய ஊர் அது. கூடியவர்களில் ஒரு சாரார் ஆங்கிலிக்கன் சபையார். மற்றவர்கள், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் இணைந்து உண்டான தென்னிந்திய ஐக்கிய சபையார். ஒரே வேதத்தை வாசித்தார்கள், ஒரே ஜெபத்தைச் சொன்னார்கள். ஆனால் ஒரே திருவிருந்துப் பந்தியில் சேர்ந்து நிற்க அவர்களுக்கு வழியில்லை. இந்தப் பிரிவினைகள் ஐரோப்பாவில் உண்டாகி இங்கே கொண்டுவரப்பட்டவை, நாங்கள் உண்டாக்காத பிரிவினையை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று அந்த இரண்டு நாளில் அவர்கள் கேட்டார்கள். ஒன்றாக வேண்டும் என்று அறிக்கையும் எழுதினார்கள். அதை எழுத இரண்டு நாள் போதுமாயிருந்தது. நிறைவேற்ற 28 ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் கூட்டத்தின் முன்னணியில் இருந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நம் தெற்கத்தி மண்ணின் மனிதர். 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவர் வீட்டில் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. செயலராகப் பல ஊர் சுற்றியவர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றார். தமிழ்க் கிறிஸ்தவர்களின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பிய சங்கம் அது. மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தான் ஊரில் இருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்குத் தாமே புறப்பட்டுப் போனார். முப்பது வயதுக்கு மேல் தெலுங்கு கற்று, ஒடுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள் நடுவில் கடைசிவரை உழைத்தார்.

மனத்தாழ்மை என்றால் வாய்பொத்தி நிற்பது என்று நம்மிடையே ஒரு நினைப்பு உண்டு. அசரியாவின் வாழ்க்கை அதற்கு இடம்கொடுக்காது. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. பெரும்பாலும் மேலைநாட்டவர் நிறைந்த அந்த அரங்கில் அவர் எழுந்து, மிஷனரிகள் இந்திய ஊழியருக்காக எவ்வளவோ தியாகம் செய்கிறார்கள், நட்பை மட்டும் தருவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டவர்கள் பலருக்கு அது உறுத்தியது. சொல்ல வேண்டியதைச் சொன்னவர் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. அதே மிஷனரிகளோடு இன்னும் 35 ஆண்டுகள் தோளோடு தோள் நின்று வேலை செய்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெறுவதற்கு முன்பே வெள்ளைக்காரர்களிடமிருந்தும் இந்தியக் கிறிஸ்தவர்களிடமிருந்தும் எதிர்ப்பு கிளம்பியிருந்தது. எதிர்த்தவர்களுக்கு அவர் தம் ஊழியத்தாலேயே பதில் சொன்னார். உன் இரண்டு அணியாரும் பார்த்துக் கற்க வேண்டியது இதுதான்: குறையைச் சொல்லவும் வேண்டும், சொன்ன பிறகு கூடவே இருக்கவும் வேண்டும்.

1920இல் பேச்சுவார்த்தைக் குழு பெங்களூரில் முதன்முதலாகக் கூடியது. பிறகு மெதடிஸ்ட் சபையாரும் வந்து சேர்ந்தார்கள். 1929இல் இணைப்புத் திட்டம் அச்சாகி வெளிவந்தது. அதன்பின் திருத்தம், மறுப்பு, மீண்டும் திருத்தம். பெரிய முட்டுக்கட்டை பேராயர் பதவி. பேராயர் கைவைத்துப் பட்டம் கொடுக்காத ஒருவர் திருவிருந்து நடத்தலாமா என்பது ஆங்கிலிக்கன் சபையாரின் கேள்வி. பேராயர் என்ற அதிகாரமே வேண்டாம் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் காங்கிரிகேஷனல் சபையார். இது வறட்டுக் கௌரவச் சண்டை இல்லை, மகனே. இரண்டு பக்கமும் மனச்சாட்சியோடு நின்றார்கள். உங்கள் கமிட்டிச் சண்டையைவிட நூறு மடங்கு கனமான சண்டை.

எப்படித் தீர்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பேராயர்கள் இருப்பார்கள் என்பதை மற்ற சபையார் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பேராயர் தனியாட்சி செய்ய முடியாதபடி சட்டதிட்டத்துக்கும் மன்றத்துக்கும் கட்டுப்பட்டவர் என்று ஆங்கிலிக்கன் சபையார் ஒப்புக்கொண்டார்கள். இணையும் எல்லாச் சபைகளின் ஊழியர்களும் மறுபடி பட்டம் பெறத் தேவையில்லாமல் அப்படியே ஏற்கப்படுவார்கள். இனிமேல் பட்டம் பெறுகிறவர்கள் பேராயர் கையால் பெறுவார்கள். இரண்டும் கலந்து ஒன்றாக வளர 30 ஆண்டுக் காலம் ஒதுக்கினார்கள். எந்தச் சபையின் மேலும், அந்தச் சபையாரின் மனச்சாட்சி ஒப்பாத ஆராதனை முறையையோ ஊழியரையோ திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். அவரவர் தம் பங்கில் ஒன்றை இழக்கச் சம்மதித்த பிறகே இந்த வாக்கு பிறந்தது.

மெதடிஸ்ட் சபை 1943இல் சம்மதம் தந்தது. ஆங்கிலிக்கன் பொதுமன்றம் 1945 ஜனவரியில் வாக்களித்தது. அந்த ஜனவரி முதல் தேதியன்றே அசரியா காலமாகிவிட்டார். தாம் கால் நூற்றாண்டு பாடுபட்ட காரியம் முடிவதை அவர் பார்க்கவில்லை. ஐக்கிய சபை 1946இல் ஒப்புக்கொண்டது.

வெளியிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு நூலே எழுதினார். சபைகள் இணைந்த பிறகும், 1948இல் லண்டனில் லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்கள், புதிய சபையில் பட்டம் பெற்ற பேராயர்களையும் குருமாரையும் எப்படி மதிப்பது என்பதில் ஒருமனப்படவில்லை. தாய்ச்சபையே தயங்கி நின்றது நம்மவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்து தமிழ் கற்ற ஸ்காட்லாந்து சபையின் மிஷனரி லெஸ்லி நியூபிகின், 37 வயதில் மதுரை ராமநாதபுரம் பேராயர் ஆனவர், அதே 1948இல் இணைப்பை விளக்கி ஒரு புத்தகம் எழுதினார். ஏசினவரை ஏசாமல் வேதத்திலிருந்து பொறுமையாக விடை சொல்லும் புத்தகம்.

சபைகள் இணைந்த நாள் 1947 செப்டம்பர் 27. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம். பஞ்சாபில் மதத்தின் பேரால் மனிதர்கள் வெட்டிக்கொண்டு செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாள்களில் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமையில், மூன்று சபைகள் ஒரே சபையாயின. மைக்கேல் ஹாலிஸ் முதல் பிரதமப் பேராயரானார். நந்தியால் பகுதியில் சில ஆங்கிலிக்கன் சபைகள் சேரவில்லை. அது அசரியாவின் சொந்தத் திருமண்டலத்துப் பகுதி. எல்லாரும் ஒரே நாளில் வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் இந்தச் சபை பிறந்தே இருக்காது.

திருவிருந்து ஆராதனையில் சமாதானம் பரிமாறுகிறோமே, கூப்பிய கையை இரு கைகளுக்குள் வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கிறோமே, அது 1950இல் வந்த புதிய ஆராதனை முறையில் சேர்த்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்திலிருந்து எடுத்தது. அந்த முறை மதுரையில் கூடிய மாமன்றத்தில்தான் முதலில் நடத்தப்பட்டது. வழக்குப் போட நினைக்கிறவரும் வழக்குக்கு ஆளாகப்போகிறவரும் ஞாயிற்றுக்கிழமை அதே கையைத்தான் நீட்டப்போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒற்றுமை என்ற பேரில் அநியாயத்தை மூடி வைக்காதே. 1833லேயே பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாகக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகும் கல்லறைத் தோட்டத்தில்கூட சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. அதை வாய்திறந்து கேட்கிறவன் ஒற்றுமையைக் கெடுக்கிறவன் ஆகமாட்டான். உங்கள் கட்டட நிதியில் கணக்குச் சரியில்லை என்றால், கணக்கைச் சபையார் முன் வைக்கச் சொல்லிக் கேள். பணிவாகக் கேள், விடாமல் கேள்.

எபேசியர் நிருபம் நாலாம் அதிகாரத்தைத் திரும்ப வாசி. அழைப்புக்குத் தகுந்தபடி நடக்கச் சொல்லி, தாழ்மையையும் சாந்தத்தையும் நீடிய பொறுமையையும் கேட்கிற பவுல் அப்போது கட்டுண்ட கைதி. அவரே கொரிந்தியருக்கு எழுதும்போது சகோதரரோடு வழக்காடுவதைக் கண்டித்தார். பிலிப்பி சபையில் எயோதியாளும் சிந்திகேயாளும் மனம் வேறுபட்டு நின்றபோது, இருவர் பேரையும் சொல்லி ஒருமனப்படக் கேட்டார். உடன் ஊழியர் ஒருவரை அவர்களுக்கு உதவவும் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை. இன்று உன் சபைக்குத் தேவைப்படுவது அந்த மூன்றாவது ஆள்தான்.

ஆகவே இரண்டு மனுவிலும் கையெழுத்துப் போடாதே. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் பழைய கோயிலை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற எதிரணிப் பெரியவர்கள் வீட்டுக்குப் போ. தனியாகப் போகாதே, உன் அணியில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போ. பழைய கோயில் போனால் அவர்கள் எதை இழப்பதாக நினைக்கிறார்கள் என்று கேள்; நடுவில் பேசாமல் கேள். திரும்பி வந்து, நாம் எதை விடத் தயார் என்று உன் அணியாரிடம் கேள். முடிவை ஒரு வருஷம் தள்ளிப்போட வேண்டியிருந்தால் தள்ளிப்போடு. குருவானவரிடம் இதைச் சொல்லி ஜெபத்தோடு போ. போய்வந்து எனக்கு எழுது.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் பெரியப்பா