கொப்பரைக்கு எத்தனை சாக்கு வேண்டும்?

பெருந்துறை ஏலத்துக்குக் கிளம்பும் நேரத்தில் சாக்கு பற்றாமல் போகிறதா? முதல் நாளே கணக்குப் போடுங்கள்.

1. கொப்பரையைக் கூம்பாகக் கூட்டுங்கள். வடிவம் சீரானால்தான் கணக்கு சரியாக வரும்.

2. அடிச்சுற்றைக் கயிற்றால் அளந்து 6.28-ஆல் வகுங்கள். குவியலுக்குள் டேப் பிடிக்காமலே ஆரம் கிடைத்துவிடும்.

3. நடுவில் குச்சி செருகி உயரம் பாருங்கள். சரிவில் அளந்தால் கூடுதலாகக் காட்டும்.

4. ஆரம் × ஆரம் × உயரம்: இதுவே கன அடி. கூம்புக்கு 5 சதவீதம்தான் குறையும்.

5. அதை 28.3-ஆல் பெருக்குங்கள். ஒரு கன அடி அத்தனை லிட்டர்.

6. ஒரு சாக்கை 20 லிட்டர் வாளியால் நிரப்பிப் பார்த்து, மொத்த லிட்டரைச் சாக்கு பிடிக்கும் லிட்டரால் வகுங்கள். சில்லுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியும் கணக்கில் சேர்ந்துவிடும்.

உதாரணம்: சுற்று 25 அடி, உயரம் 3 அடி என்றால் சுமார் 1,360 லிட்டர். சாக்குக்கு 5 வாளி பிடித்தால் 14 சாக்கு. ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்; அந்த 5 சதவீதத்துக்கு உதவும்.