அரசு வழக்கறிஞரை நியமிப்பது யார்?

கேள்வி: ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்களும் மாறிவிடுகிறார்கள். பாதியில் இருக்கும் வழக்கு இதனால் கெட்டுப்போகாதா? நேர்மையான ஆள் வந்தால் போதாதா?
– வாசகர், பாடாலூர்.

பதில்: கெட்டுப்போகும். எந்த அளவுக்கு என்பதை உச்ச நீதிமன்றமே எழுதிவைத்திருக்கிறது.

ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு சென்னைத் தனி நீதிமன்றத்தில் நடந்துவந்தது. 2000 ஆகஸ்டுக்குள் அரசுத் தரப்பு சாட்சிகள் 250 பேரை விசாரித்தாயிற்று; மிச்சம் பத்துப் பேர்தான். 2001 மே மாதம் ஆட்சி மாறியது, குற்றம் சாட்டப்பட்டவரே முதல்வரானார். அரசு வழக்கறிஞரும் மாறினார். 2002 நவம்பர் முதல் 2003 பிப்ரவரி வரை, ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேர் குறுக்கு விசாரணைக்காக மறுபடி கூண்டேறினார்கள். 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைத் திரும்ப அழைத்ததற்குப் புதிய அரசு வழக்கறிஞர் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. பிறழ் சாட்சிகளாக அறிவிக்கும்படி கேட்கவும் இல்லை.

சட்டம் அதேதான், சாட்சிகளும் அதே ஆட்கள்தான். வழக்கறிஞரை நியமிக்கும் கைதான் மாறியிருந்தது.

தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் போட்ட மனுவின் பேரில், 2003 நவம்பர் 18 அன்று வழக்கு பெங்களூருக்குப் போனது. ஊரை மாற்றியதோடு உச்ச நீதிமன்றம் நிற்கவில்லை. அரசு வழக்கறிஞரைக் கர்நாடக அரசு, அங்குள்ள தலைமை நீதிபதியைக் கலந்து நியமிக்க வேண்டும் என்றது. அப்படி முதலில் வந்தவர் பி.வி. ஆச்சார்யா. 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி மைக்கேல் டி'குன்ஹா ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். மேல்முறையீட்டிலும் இதே சிக்கல் எழுந்தது: தமிழக அரசு பவானி சிங்கை அரசு வழக்கறிஞராக நியமித்தது செல்லாது என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்ய, 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் டி'குன்ஹாவின் தீர்ப்பே நிலைத்தது. ஜெயலலிதா அப்போது உயிரோடு இல்லை.

இனி உங்கள் மாவட்டத்துக்கு வருவோம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கும் உதவி அரசு வழக்கறிஞர் (ஏ.பி.பி.) டி.என்.பி.எஸ்.சி. தேர்வெழுதி வந்தவர். எந்தக் கட்சி வந்தாலும் அவர் நாற்காலி ஆடாது. கொலை வழக்குகள் நடக்கும் அமர்வு நீதிமன்றத்தில் கதை வேறு. மாவட்ட நீதிபதியைக் கலந்து கலெக்டர் பட்டியல் தருகிறார், அரசு நியமிக்கிறது. ஆட்சி போனால் பெரும்பாலும் பதவியும் போகும். 1990-இல் உத்தரப் பிரதேச அரசு ஒரே சுற்றறிக்கையில் எல்லா மாவட்ட அரசு வழக்கறிஞர்களையும் நீக்கியது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே தீர்ப்பளித்தது. பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆட்சி மாறினால் பதவி போகும் என்ற பயம் மாவட்ட நீதிபதிக்கு இல்லை. அரசியல் சாசனத்தின் 235-ஆவது பிரிவு அவரை உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது.  

நேர்மையான ஆள் நிச்சயம் வேண்டும். நேர்மையாக வாதாடியதற்காக வேலை போகாது என்ற உறுதியை அவருக்கு யார் தருவது? அமர்வு நீதிமன்ற அரசு வழக்கறிஞருக்கும் தேர்வு வேண்டும், ஆட்சியோடு முடியாத பதவிக்காலம் வேண்டும். உங்கள் தொகுதியில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியானாலும், இதைக் கேளுங்கள்.