பண்ணாய்வில் ஃபூரியர் பகுப்பாய்வு: சாளர நீளமும் அலகு வாதமும்

திறவுச்சொற்கள்: பண், அலகு, ஒலிக்குறிகை, நிறமாலை, சாளரம், சீரிசை

தில்லைத் திருக்கோயிலில் காப்பிடப்பட்டிருந்த தேவார ஏடுகள் மீட்கப்பட்டதையும், அவற்றுக்குப் பண் வகுக்கத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருவர் துணைநின்றதையும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. யாழ்ப்பாணரின் ஊராகிய திருஎருக்கத்தம்புலியூர் இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளது. அப்பர் கரையேறியதாக மரபு போற்றும் திருப்பாதிரிப்புலியூர் கடலூர் நகரின் ஒரு பகுதி. பிற்காலப் பண்ணாய்வுக்கும் இந்நிலப்பகுதியே ஒரு களமாயிற்று. 1931 முதல் 1933 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலானந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ் நூலில் 22 அலகு முறையை ஏற்று இசைக் கணக்குகளை விரித்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1917இல், ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தில் அம்முறையை மறுத்து, ஒரு தானத்தைச் சமமான 24 அலகுகளாகப் பகுத்திருந்தார்.

ஓதுவார் ஒருவரின் பாடலைப் பதிவுசெய்து, கணினியில் அதன் நிறமாலையைக் கண்டு இவ்வாதத்தைத் தீர்த்துவிடலாம் என்னும் எண்ணம் இன்று எளிதில் எழுகிறது. நிறமாலை அத்தகைய தீர்ப்பை எந்நிலையில் தரும், எந்நிலையில் தராது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

இருவகைத் துணிப்பு

எந்த ஒலியலையையும் பல அதிர்வெண்களையுடைய எளிய அலைகளின் கூட்டாகக் காணலாம் என்பது ஃபூரியர் 1822இல் வெப்பப் பரவலைப் பற்றி எழுதிய நூலிலிருந்து வளர்ந்த கருத்து. கணினிப் பதிவில் ஒலி தொடர்ச்சியாக இருப்பதில்லை; வழக்கமான பதிவில் நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. இது காலத்தில் நிகழும் துணிப்பு. இவ்வாறு துணிக்கப்பட்ட குறிகையின் நிறமாலை அதிர்வெண்ணில் தொடர்ச்சியானதாகவே இருக்கும். ஆயினும் 44,100 ஹெர்ட்ஸுக்கு ஒருமுறை மீள வரும். ஆகவே 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிக்கூறுகளை மாதிரி எடுப்பதற்கு முன்பே வடிகட்ட வேண்டும். இல்லையேல் அவை தாழ்ந்த அதிர்வெண்களின் வேடத்தில் தோன்றும். ஓதுவார் குரலின் சுருதி நிலையை அறிய இது பெரிய இடர் அன்று.

இடர் இரண்டாம் துணிப்பில் உள்ளது. கணினி பதிவு முழுவதையும் ஒருங்கே எடுப்பதில்லை. ஒரு சாளரத்துள் அடங்கும் மாதிரிகளை மட்டும் கொண்டு, தொடர்ச்சியான நிறமாலையைச் சில புள்ளிகளில் கணக்கிடுகிறது. கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவு முறை இக்கணக்கை எளிதாக்கியது. ஆனால் புள்ளிகளின் இடைவெளி மாறவில்லை. மாதிரி வீதத்தைச் சாளரத்தின் மாதிரி எண்ணிக்கையால் வகுத்துவரும் ஈவே அவ்விடைவெளி.

ஓர் அந்தர காந்தாரம்

சங்கராபரணமாகப் பாடப்படும் பழம்பஞ்சுரப் பண்ணை எடுத்துக்கொள்வோம். ஆதார சட்சம் 150 ஹெர்ட்ஸ், அதாவது ஆண்குரலில் ஏறத்தாழ இரண்டு கட்டை, எனக் கொள்ளலாம். 22 அலகு முறையின் வழக்கமான கணக்கில் அந்தர காந்தாரம் சட்சத்தின் 5/4 மடங்கு, அதாவது 187.5 ஹெர்ட்ஸ். சமமான 24 அலகுகளில் எட்டாவதாக வரும் அந்தர காந்தாரம் 188.99 ஹெர்ட்ஸ். இரு கொள்கைகளையும் பிரிப்பது ஒன்றரை ஹெர்ட்ஸ், இசைக்கணக்கில் 14 சென்ட்.

பலரும் பயன்படுத்தும் 4,096 மாதிரிச் சாளரத்தின் நீளம் 93 மில்லிநொடி. அதன் புள்ளி இடைவெளி 10.77 ஹெர்ட்ஸ். 187.5 ஹெர்ட்ஸை ஒட்டி இது 97 சென்ட், ஏறத்தாழ ஓர் அரைச்சுரம். அரைச்சுர இடைவெளியில் கோடிட்ட அளவுகோலின் நேர்வாசிப்பைக் கொண்டு 14 சென்ட் வேறுபாட்டைத் தீர்க்க இயலாது. ஒன்றரை ஹெர்ட்ஸ் விலகிய இரு கூறுகளைப் பிரித்துக் காண ஏறத்தாழ 0.67 நொடி வேண்டும். ஓரங்கள் மெலிந்த சாளரமாயின் அதன் இருமடங்கு. சாளரத்தின் இறுதியில் சுழியங்களைச் சேர்த்தால் வளைவு வழவழப்பாகும். புதிய செய்தி எதுவும் வாராது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது சரியான மறுப்பே. அசையாமல் நிற்கும் ஒரே சுரமாயின், நிறமாலை முகட்டின் வடிவைக் கொண்டு புள்ளி இடைவெளியைவிட மிக நுண்மையாக அதிர்வெண்ணைக் கணிக்கலாம். மேலும் எட்டாம் சீரிசையில், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் எட்டு மடங்கில், ஒன்றரை ஹெர்ட்ஸ் வேறுபாடு 12 ஹெர்ட்ஸாக விரியும். ஆயின் குரலின் அசைவும் அங்கே எட்டு மடங்காக விரியும். சாளரத்தால் வரும் குறையைச் சீரிசை தீர்க்கும். குரலின் அசைவைத் தீர்க்காது. பண்ணிசையில் சுரங்கள் பெரும்பாலும் அசைந்தும் வழுக்கியும் வருவன. நிறமாலை முகடு அங்கே குறிப்பது சுரத்தின் இடத்தையா, அசைவின் நடுவையா என்பது கணிதத்துக்குப் புறம்பான வினா.

சுருதிப்பெட்டியும் கல்மண்டபமும்

இதனினும் நுட்பமான பிழை சுருதிப்பெட்டியால் நேர்வது. அது 150 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்போது அதன் ஐந்தாம் சீரிசை 750 ஹெர்ட்ஸில் அமையும். 5/4 காந்தாரத்தின் நான்காம் சீரிசையும் 750 ஹெர்ட்ஸே. சம அலகுக் காந்தாரத்தின் நான்காம் சீரிசை 756 ஹெர்ட்ஸ். ஆகவே பாடகர் எதைப் பாடினாலும் 750இல் ஒரு முகடு நிற்கும். அதைக் குரலுக்குரியதாக எண்ணும் ஆய்வாளர், பாட்டைக் கேளாமலேயே 22 அலகு முறைக்குச் சான்று கண்டுவிடுவார். சுருதியையும் குரலையும் தனித்தனி ஒலிவாங்கியில் பதிவுசெய்வதும், காந்தாரத்தின் மூன்றாம், ஐந்தாம் சீரிசைகளை உடன்நோக்குவதும் இதற்குரிய காப்பு. பஞ்சமமும் ஒலிக்குமாயின் அதன் சீரிசைகளையும் விலக்கிப் பார்க்க வேண்டும்.

பதிவிடத்தைப் பற்றிய ஐயம் இதனோடு ஒப்பிடச் சிறிது. கோயில் மண்டபத்தை, காலத்தால் மாறாத நேரியல் அமைப்பாகக் கருதலாம். அத்தகைய அமைப்பு ஒவ்வோர் அதிர்வெண் கூற்றின் வலிமையையும் கட்டத்தையும் மாற்றும். புதிய அதிர்வெண்ணை ஆக்காது. எனவே திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயில் மண்டபத்தில் பதிந்த நீண்ட காந்தாரத்தின் நிறம் மாறலாம், இடம் மாறாது. ஆனால் எதிரொலியால் முன்சுரத்தின் எச்சம் அடுத்த சுரத்தின் சாளரத்துள் நுழையும். நீண்ட சாளரம் வேண்டுமென்பதற்கும் குறுகிய சாளரம் வேண்டுமென்பதற்கும் இடையிலுள்ள இழுபறி இங்கே மிகும்.

யாழ் நூலின் கணக்கு நரம்புக்குரியது. ஓதுவாரின் பாட்டு மிடற்றுக்குரியது. மீட்டிய நரம்பு நிலைத்த நீளமுடையதாதலின் அதன் ஒலியை நீண்ட சாளரத்தில் அளக்கலாம். அடிகளின் எண்களின்படி நரம்பு கட்டிய யாழொன்றை அளந்தால், கருவி கணக்கோடு பொருந்துகிறதா என்பது தெளிவாகும். அவ்வளவீட்டை மிடற்றிசைக்கு நீட்டுவோர் சாளர நீளம், சாளர வடிவம், ஆதார சட்சத்தை அளந்த முறை, சுருதிக் கருவியின் நிலை, சுரம் நின்ற காலம் ஆகியவற்றை அட்டவணையிலேயே தரவேண்டும். 1 நொடிக்கும் குறைவாக நின்ற காந்தாரங்களை அலகு வாதத்துக்குரிய சான்றுகளிலிருந்து தனியே பிரித்துவைப்பது நன்று.