பல் ஒரு கருவியன்று

தறியில் அறுந்த இழையை முடிந்தபின், மிஞ்சிய நுனியைப் பல்லால் கடித்துத் துண்டிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். வயலில் கரும்பைப் பல்லால் உரிப்பதும் அவ்வாறே. பல்லை ஒரு கருவியாகவே கருதிவிட்டோம். ஆனால் தேய்ந்த கத்தியைச் சாணை பிடிக்கலாம். தேய்ந்த பல்லை என் செய்வது?

பல்லின் வெளிப்புறத்தை மூடியுள்ள வெண்மையான பகுதிக்கு எனாமல் என்று பெயர். உடலில் எலும்பினும் கடினமானது இதுவே. எடையில் நூற்றுக்குச் சுமார் 96 பங்கு தாது உப்புக்களால் ஆனது. ஆயினும் இதில் உயிரணுக்கள் இல்லை. ஒடிந்த எலும்பு கூடும். வெட்டுண்ட தோல் ஆறும். தேய்ந்த எனாமலோ மீண்டும் வளராது.

எனாமலுக்குப் பகை இரண்டு. முதலாவது தேய்வு. நூலைக் கடிப்பதால் முன்பல்லின் விளிம்பில் நாளடைவில் பள்ளம் விழும். செங்கற்பொடியும் கரித்தூளும் எனாமலை அராவிவிடும். இரண்டாவது அமிலம். பல்லிடுக்கில் தங்கும் இனிப்பை நுண்கிருமிகள் அமிலமாக்குகின்றன. அது தாது உப்புக்களைக் கரைக்கிறது. தொடக்கத்தில் இழந்த உப்பை உமிழ்நீர் ஓரளவு ஈடுசெய்யும். மணிக்கொருமுறை சர்க்கரையிட்ட தேநீர் பருகுவோருக்கு அதற்கான அவகாசம் கிடைப்பதில்லை.

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. கத்தரிக்கோலைத் தறியருகே கயிற்றில் கட்டி வைத்தல்.

2. காலையிலும் இரவில் படுக்குமுன்னும், மென்மையான பிரஷ்ஷினால் ஃபுளோரைடு கலந்த பற்பசையிட்டுத் துலக்குதல்.

3. புளிப்புப் பண்டம் உண்டால் உடனே நீரால் கொப்பளித்து, அரைமணி நேரம் கழித்தே துலக்குதல்.

4. பாக்கையும் புகையிலையையும் விடுதல். இவை வாய்ப்புற்று நோய்க்கும் காரணமாகும்.

இனி, பழுதுற்ற பல்லுக்குச் சிகிச்சை. எனாமலில் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளி தோன்றும் நிலையிலேயே கவனித்தால், ஃபுளோரைடு மருந்தினால் சிதைவை நிறுத்தக்கூடும். குழி விழுந்துவிட்டால் அதைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். பழுது உட்கூழை எட்டிவிட்டால் வேர்ச்சிகிச்சை செய்து மேலே உறையிட வேண்டும். இன்றேல் பல்லைப் பிடுங்க நேரிடும். கிராம்புத் தைலம் வலியைத் தணிக்குமேயன்றிக் குழியை ஆற்றாது. வலி தானே நின்றுவிட்டால் நோய் தீர்ந்தது என்றும் எண்ணலாகாது. உள்ளிருக்கும் நரம்பு மடிந்திருக்கலாம். முகம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு உண்டு.

பாவில் ஓரிழை அறுந்தால் அப்போதே தறியை நிறுத்தி முடிந்துவிடுகிறோம். விட்டுவிட்டால் துணி முழுதும் கெடும் என்பதை அறிவோம். அந்த அக்கறையைப் பல்லுக்கும் காட்டுவோமாக.